கடல்வாயை அடைக்க ஒருவர் வேண்டும்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஆரிகன் மாநிலத்தில் கோடை பிறந்தால் ஒரு வாக்குவாதமும் கூடவே பிறக்கும். ஆற்றுக்கென்று கட்டிய சின்ன ஜெட் படகைக் கடலுக்குக் கொண்டுபோய் மீன் பிடிக்கலாமா, கூடாதா? படகு இறக்கும் சாய்தளத்திலும் தூண்டில் கடையிலும் வேலை இடத்துச் சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சு. போகலாம், நானே போயிருக்கிறேன் என்பார்கள் சிலர். போனால் பிணமாகத்தான் வருவாய் என்பார்கள் வேறு சிலர். நான் போகிறவர்களில் ஒருத்தி. போகலாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் இன்றைக்குப் போகலாமா என்று தீர்மானிக்கும் உரிமை முழுவதும் படகுக்காரர் கையில் இருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் பிறந்தவள் நான். அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். இப்போது நானும் கணவரும் ஆரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கில் குடியிருக்கிறோம். எனக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. எங்கள் படகு 18 அடி நீளம், அலுமினியத் தகடுகளைப் பற்றவைத்துக் கட்டியது, அடிப்பாகம் தட்டை. வில்லமெட் ஆற்றையும் அதில் வந்து சேரும் சிற்றாறுகளையும் மனத்தில் வைத்துத்தான் அதைப் பழைய விலைக்கு வாங்கினோம். ஆனால் பசிபிக் கடல் மலைக்கு அந்தப் பக்கம், காரில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது. கடற்கரையில் பிறந்தவள் அதை எத்தனை நாள் பார்க்காமல் இருப்பாள்?

ஜெட் படகு நியூசிலாந்துக்காரர்களின் கொடை. அந்நாட்டுத் தென் தீவில் பண்ணை வைத்திருந்த பில் ஹாமில்டன், கூழாங்கல் நிறைந்த ஆழமில்லாத ஆறுகளில் ஏறிச் செல்ல ஒரு படகு வேண்டும் என்று 1950களில் இதை உருவாக்கினார். 1960-ல் அவருடைய ஜெட் படகுகள் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றை எதிர்த்தே ஏறிக் காட்டின. இதன் வேலை எளிது. படகின் அடியில் ஒரு வாய், அதன்மேல் கம்பி அழி. உள்ளே சுழலும் இம்பெல்லர் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் இருக்கும் குறுகலான துவாரம் வழியே பீச்சியடிக்கிறது. அந்தப் பீச்சலைத் திருப்பினால் படகு திரும்பும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ப்ரொப்பெல்லர் கிடையாது, சுக்கான் கிடையாது. வேகம் எடுத்துவிட்டால் சாண் ஆழத் தண்ணீரில்கூடக் கல்லில் இடிக்காமல் பறக்கும். இதற்கு விலையாகச் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். எங்களுடையதைப் போல 115 குதிரைசக்தி அவுட்போர்டில் ஜெட் பூட்டியதை 80 குதிரைசக்தி என்றே விற்கிறார்கள்.

வாங்கிய புதிதில் வீடியோ அழைப்பில் படகைச் சுற்றிக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இதுக்கு அடியில ஒண்ணும் இல்லியே மக்ளே. பின்ன எதை வச்சு திருப்புவ?"

தண்ணீர் பீச்சுவதை வைத்துத்தான் என்றேன். "தண்ணி பீச்சாட்டி?" என்றார்.

கடலில் ஜெட் படகைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அந்த இரண்டு கேள்விகளில் இருக்கிறது. ஆற்றில் படகின் அடி எந்நேரமும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கடலில் அலையின் முதுகேறிக் குதிக்கும்போது பின்பகுதி ஒரு கணம் தூக்கிக்கொள்ளும். உறிஞ்சும் வாய் தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கும். அலை உடைந்து நுரைத்துக் கிடக்கும் இடத்திலும் இப்படித்தான். இன்ஜின் அலறும், படகு நகராது. ப்ரொப்பெல்லருக்கும் இது நேரும் என்றாலும், அது ஆழத்தில் கிடப்பதால் தண்ணீரைச் சட்டென்று மறுபடி பற்றிக்கொள்ளும். ஜெட் பம்பு நிறைந்து மீண்டும் தள்ளத் தொடங்க ஒன்றிரண்டு நொடி வேண்டும். நடுக்கடலில் அது பெரிய விஷயமில்லை. ஆறு கடலில் சேரும், அலை உடையும் கடல்வாயில் அந்த ஒன்றிரண்டு நொடிக்குள் படகு குறுக்கே திரும்பிவிடும்.

அதைவிட மோசம், பின்னாலிருந்து துரத்தும் அலை. கரைக்குத் திரும்பும்போது அலை படகின் பின்புறத்தைத் தூக்கி முன்னால் சரிக்கும். இறக்கத்தில் வேகம் கூடுவதைக் கண்டு எவருக்கும் கை தானாகவே இன்ஜினைக் குறைக்கும். சுக்கான் உள்ள படகில் குறைத்தாலும் திருப்ப முடியும். ஜெட்டில் குறைத்த மறுகணமே திருப்பும் சக்தி போய்விடும். அடிப்பாகம் தட்டை, பிடித்து நிறுத்த ஏராவும் இல்லை. பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கும். அடுத்த அலை விலாவில் அடிக்கும். ஆற்றில் இந்தப் படகு காட்டும் லாவகம் எல்லாம், ஆழமில்லாத தண்ணீருக்காக அடியில் இருந்த அத்தனையையும் எடுத்துவிட்டதால் வந்தது. கடல்வாயில் நமக்குத் தேவைப்படுவதோ அப்படி எடுத்துவிட்டவைதான்.

ஜெட் என்பதே கடலுக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 45 அடி மீட்புப் படகு ஜெட்டில்தான் ஓடுகிறது. ஆனால் அதே காவல்படை, அலை உடையும் கடல்வாய்க்குள் ஆளைக் காப்பாற்றப் போகும்போது எடுப்பது 47 அடி உயிர்காப்புப் படகை. கவிழ்ந்தால் சில நொடிகளில் தானே நிமிர்ந்துகொள்ளும் அந்தப் படகில் இருப்பவை இரண்டு ப்ரொப்பெல்லர்கள். இரண்டையும் வைத்திருப்பவர்கள் எதை எங்கே எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும்.

நாங்கள் போகும் இடம் திலமூக் விரிகுடா. மயாமி, கில்ச்சிஸ், வில்சன், டிராஸ்க், திலமூக் என்று ஐந்து ஆறுகள் வந்து விழும் இடம். கரிபால்டி என்ற சிற்றூரில் படகை இறக்கி, இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே கடலுக்குப் போக வேண்டும். ஐந்து ஆற்று மணலும் அங்கேதான் வந்து படிகிறது. கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் இரண்டரை மீட்டர் அளவுக்கு மாறும்; குமரிக் கடலில் அது ஒரு மீட்டர் அளவுதான். வற்றத்தின்போது அவ்வளவு பெரிய விரிகுடாவின் தண்ணீரும் அந்தக் குறுகிய வழியாகத்தான் வெளியேற வேண்டும். உள்ளே வரும் பசிபிக் அலை, வெளியே ஓடும் அந்த நீரோட்டத்தில் முட்டி, அடியில் மணல்திட்டு இருப்பதால் நிமிர்ந்து நின்று உடையும். அரை மணி நேரத்துக்கு முன்பு குளம்போல் கிடந்த வழி அது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அந்தக் கற்சுவர்களுக்கு ஒரு கதை உண்டு. கல் கொட்டிக் கடலைத் திருத்தலாம் என்று நம்பும் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொறியாளர்கள் இரண்டு சுவர் வேண்டும் என்றார்கள். பணம் போதாமல் வடக்குச் சுவர் மட்டும் 1917-ல் எழுந்தது. தெற்கே மணல் முனையில் பேயோஷன் என்று ஒரு உல்லாச நகரம் இருந்தது. விடுதி, கடை, வீடுகள் எல்லாம் இருந்த ஊர். ஒற்றைச் சுவர் மணலின் போக்கை மாற்ற, கடல் அந்த ஊரை வருஷா வருஷம் கடித்தது. 1952-ல் மணல் முனையே அறுந்தது. கடைசி வீடு 1960-ல் கடலுக்குள் விழுந்தது. தெற்குச் சுவரைக் கட்டி முடித்தது 1970களில். கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட ஊருக்கு மணல் சேர்வதையும் அடுத்த ஊரைக் கடல் அரிப்பதையும் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிய செய்தியாக இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஏன் போகிறேன் என்று கேட்பீர்கள். கடல்வாயைத் தாண்டிவிட்டால் தெற்கே மியர்ஸ் முனை, அதன் கலங்கரை விளக்கம், அதையும் தாண்டினால் கடலுக்குள் நிற்கும் மூன்று வளைவுப் பாறைகள். 1907-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம் அது. மே முதல் தேதியிலிருந்து செப்டம்பர் நடு வரை 500 அடிக்குள் படகு நெருங்கக் கூடாது. தள்ளி நின்றாலே முர் என்னும் கருப்பு வெள்ளைக் கடற்பறவைகள் பாறை தெரியாமல் அடைந்திருப்பது தெரியும். அந்தப் பக்கத்துக் கடலடிப் பார்களில் தூண்டிலை இறக்கினால் ராக்ஃபிஷ் கூட்டமாகக் கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் லிங்காட். வாய் நிறையப் பல், பெரிய தலை, சில மீன்களுக்குச் சதையே நீலப்பச்சையாக இருக்கும், வெந்ததும் வெளுத்துவிடும். தேங்காய் அரைத்துப் புளிமுளம் வைத்தால் ஊரில் தின்ற எந்த மீனுக்கும் அது குறைந்ததில்லை. கோடையில் காலைப் பொழுது காற்றில்லாமல் இருக்கும். வடமேற்குக் காற்று பெரும்பாலும் பிற்பகலில்தான் எழும்பும். அதனால் விடியும்போது போய் நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். அந்தச் சில மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

முடிவெடுப்பது முந்தின நாள் இரவு வீட்டில். கடலில் மிதக்கும் இரண்டு அளவைகளின் எண்களைப் பார்ப்போம்: வடக்கே கொலம்பியா ஆற்று வாய்க்கு வெளியே இருக்கும் 46029, தெற்கே நியூபோர்ட்டுக்கு வெளியே இருக்கும் 46050. அலை எத்தனை அடி, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை நொடி என்று இரண்டும் சொல்லும். நொடி கூடினால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆழ்கடலில் அது சரி. படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். கடல்வாயிலோ நீண்ட இடைவெளி அலை அதிகச் சக்தியைச் சுமந்து வந்து திட்டில் திடீரென்று எழும்பும். எங்கோ தொலைவில் அடித்த புயல், காற்றே இல்லாத நாளில் இங்கே வந்து உடையும். குமரிக் கடற்கரை இதைக் கள்ளக்கடல் என்று அறியும். பிறகு ஓத நேரம் பார்ப்போம். ஏற்றத்தில் அல்லது நீர் நிற்கும் நேரத்தில் வாயைக் கடக்க வேண்டும், வற்றத்தில் கூடாது. கணக்கு ஒத்துவராவிட்டால் தூண்டில் பெட்டியைத் தொடுவதே இல்லை. விடியற்காலையில் அவ்வளவு தூரம் ஓட்டிப்போய்ச் சாய்தளத்தில் நிற்பவருக்கு, வந்தது வந்தோம் என்றுதான் தோன்றும். அந்த இடத்தில் நிதானமாக முடிவெடுக்க மனிதரால் முடியாது என்றே நினைக்கிறேன்.

முடியாது என்பதற்கு அந்தக் கடல்வாயே சாட்சி. 2003 ஜூன் 14 காலை, டாக்கி-டூ என்ற 32 அடி மீன்பிடிச் சுற்றுலாப் படகு 19 பேருடன் கரிபால்டியிலிருந்து கிளம்பியது. கடல்வாய் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பொழுதுபோக்குப் படகுகளுக்குக் கடலோரக் காவல்படை வாயை அடைத்திருந்தது. பரிசோதனைச் சான்று பெற்ற பயணிகள் படகு என்பதால் டாக்கி-டூவுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை; முடிவு படகோட்டியிடம் விடப்பட்டிருந்தது. படகு சுவர்களைத் தாண்டி வடக்கே திரும்பும்போது அலை விலாவில் அடித்துக் கவிழ்த்தது. படகோட்டியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடைகள் படகில் இருந்தன, உடம்பில் இல்லை. அந்தப் படகு என்னுடையதைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான நீளம். ஓட்டியவர் கடலையே தொழிலாகக் கொண்டிருந்தவர்.

தண்ணீரின் குளிரையும் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடலில் விழுந்தவர் பலகையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதந்து பிழைத்த கதைகள் உண்டு. ஆரிகன் கடல் கோடையிலும் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான். கோடையின் வடகாற்று மேல்நீரை விலக்க, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்துகொண்டே இருக்கும். மீன்வளத்துக்குக் காரணமும் அதுதான். இந்தக் குளிரில் விழுபவருக்கு மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால் பயன்படும் நேரம் 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். உயிர்காப்பு உடை இல்லாதவருக்குக் கடைசிக் கணக்கு எட்டவே எட்டாது. எங்கள் படகில் சாய்தளத்தில் அணியும் உடையை வீடு திரும்பும் வழியில் காருக்குப் பக்கத்தில்தான் கழற்றுவோம்.

கடற்புல்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஜெட்டைப் பற்றிச் சொன்னதாக ஆகாது. திலமூக் விரிகுடாவின் சேற்றில் நீண்ட கடற்புல் வளர்ந்திருக்கிறது. அறுந்த புல் வற்ற நீரோடு கொத்துக்கொத்தாக மிதந்து போகும். வெளியே பாறைப் பக்கத்தில் கெல்ப் பாசி, கயிறு கயிறாக. இவை உறிஞ்சும் வாயின் அழியில் வந்து படிந்தால் பம்பு பட்டினி கிடக்கும். ஒரு ஆகஸ்ட் காலையில் விரிகுடாவுக்குள்ளேயே எங்கள் அழி முழுதும் புல் அடைத்து ஜெட் செத்தது. நீரோட்டம் படகைக் கடல்வாய்ப் பக்கமாக இழுக்கத் தொடங்கியது. கணவர் பக்கத்தில் தொங்கிய சின்ன இன்ஜினைக் கயிற்றை இழுத்து எழுப்பினார். ப்ரொப்பெல்லர் உள்ள 9.9 குதிரைசக்தி இன்ஜின். இங்கே கிக்கர் என்பார்கள். அது முனகிக்கொண்டே எங்களைக் கரையோரம் சேர்த்தது. அங்கே இன்ஜினைத் தூக்கி அழியிலிருந்து புல்லைப் பிடுங்கினோம். எங்கள் ஊரில் வள்ளத்தை ஆழ்கடலுக்கே கொண்டுபோகும் அதே அளவு இன்ஜின் அது. தூண்டிலை மெல்ல இழுத்துச் சால்மன் பிடிக்கவும் அதுதான் வேண்டும். அந்த வேகத்தில் ஜெட் படகு நேராகப் போகாது.

உப்பும் மணலும் தனிச் செலவு. இம்பெல்லருக்கும் அதைச் சுற்றிய உறைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்கக் கூடாது. மணல் அதை அரித்துவிடும். எவர்சில்வர் இம்பெல்லரும் அலுமினிய உறையும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம் கரையும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, பலி கொடுக்க வைத்திருக்கும் உலோகத் துண்டு தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும். பொறுமை உள்ளவருக்கு இது பெரிய காரியமில்லை.

எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. ஜெட் மட்டுமே பூட்டிய எந்தப் படகும், ப்ரொப்பெல்லர் உள்ள இரண்டாவது இன்ஜின் இல்லாமல் கடல்வாயைக் கடக்கச் சட்டம் அனுமதிக்கக் கூடாது. அந்த இன்ஜின் படகில் இருந்தால் மட்டும் போதாது. வாயைக் கடக்கும்போது தண்ணீருக்குள் இறங்கி, இழுத்தால் எழும்பும் நிலையில் இருக்க வேண்டும். சில ஆயிரம் டாலர் செலவு என்கிறார்கள். உண்மைதான். படகுக்கும் அதை இழுக்கும் வண்டிக்கும் அதைவிடப் பல மடங்கு கொடுத்தவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். 26 அடிக்குக் குறைந்த படகை ஓட்டுபவர், தான் விழுந்தால் இன்ஜின் நிற்கும்படியான கயிற்றை உடம்பில் மாட்ட வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. தொடக்கத்தில் அதற்கும் முணுமுணுத்தார்கள். இப்போது கார் பெல்ட் மாட்டும் பழக்கம்போல் ஆகிவிட்டது.

இன்னொன்று, கடலோரக் காவல்படை வாயை அடைக்கும்போது அதை எதிர்த்துப் பேசுவதை நிறுத்துங்கள். ஆரிகன், வாஷிங்டன் கடல்வாய்களில் அலை மோசமானால் காவல்படை பொழுதுபோக்குப் படகுகளைத் தடுக்கலாம். படகின் நீளத்துக்கு ஏற்பவும் தடுக்கலாம். விதிப்புத்தகத்தில் ஒரு கணக்கே இருக்கிறது: படகின் நீளத்தை அடியில் எடுத்து 10-ஆல் வகுத்து, நீருக்கு மேல் மிகத் தாழ்ந்த விளிம்பின் உயரத்தைக் கூட்ட வேண்டும். அலை அந்த எண்ணைத் தொட்டால் படகு ஆபத்தான நிலையில் ஓடுகிறது என்று பொருள். அதிகாரி திருப்பி அனுப்பலாம். எங்கள் படகுக்கு 1.8, ஆளும் சாமானும் ஏறிய பின் விளிம்பு ஒன்றரை அடி, ஆக 3.3 அடி. என் இடுப்புயரம். ஆற்றில் ராஜாவாகத் திரியும் படகுக்குக் கடல்வாயில் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். படகு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன் படகின் எண்ணைக் கணக்கிட்டுச் சுக்கான் சக்கரத்துக்கு மேல் எழுதி ஒட்ட வேண்டும் என்பேன்.

என் படகு, என் உயிர், அரசுக்கு என்ன என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு 1961-ஐ நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று, வடக்கே கொலம்பியா ஆற்று வாயில் மெர்மெய்ட் என்ற நண்டுப் படகின் சுக்கான் போய்விட்டது. அதில் இருந்தவர்கள் இரண்டு பேர். காப்பாற்றப் போன காவல்படையின் டிரையம்ப் படகில் ஆறு பேர். மெர்மெய்டின் இருவரும் இறந்தார்கள். டிரையம்பின் ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். திருப்ப முடியாமல் போன ஒரு சின்னப் படகு. ஜெட் படகு அடைத்துக்கொண்டால் அதற்கும் அதே நிலைதான். நாம் உதவி கேட்டால் காவல்படைப் பிள்ளைகள் வந்தே ஆக வேண்டும். இருபது வயதும் இருபத்தைந்து வயதுமாக, கரிபால்டியில் அவர்கள் காபி வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என் ஞாயிற்றுக்கிழமை மீனுக்காக அவர்களில் ஒருவர் வீடு திரும்பாமல் போகலாம் என்றால், போகாதே என்று என்னிடம் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

இதையெல்லாம் தமிழ்நாட்டுப் பத்திரிகையில் எழுதக் காரணம் தேங்காய்ப்பட்டணம். அந்தத் துறைமுகத்தின் வாயில் மணல் மேடு தட்டி, அலை எழும்பி, வள்ளம் கவிழ்ந்து எத்தனையோ பேர் போய்விட்டார்கள். கேரளத்தில் முதலப்பொழியிலும் இதே துயரம். ஆற்று வாய், இரண்டு பக்கமும் கல், நடுவே மணல்: திலமூக்கின் அதே அமைப்பு. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் சாலை மறியல், ஆட்சியர் வருகை, சுவரை நீட்டுவோம் என்ற வாக்குறுதி, மணல் அள்ளும் இயந்திரம். சுவரை நீட்ட வேண்டும், மணலை அள்ள வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. திலமூக்கில் இரண்டு சுவரும் எழுந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் டாக்கி-டூ கவிழ்ந்தது என்பதையும் சேர்த்து நினைக்கச் சொல்கிறேன். கல் எவ்வளவு போட்டாலும் சில நாள் அந்த வாய் கடக்க முடியாததாகத்தான் இருக்கும். எந்த நாள் அது என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

திலமூக்கில் ஒருவர் இருக்கிறார். விடியுமுன் வாயைப் பார்த்து அறிவிக்கிறார். தொலைபேசியில் பதிவுசெய்த குரல் இருக்கிறது. ரேடியோவில் சேனல் 16-ல் கூப்பிட்டால் பதில் வருகிறது. மோசமான நாளில் எச்சரிக்கைப் பலகையில் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. இதில் எதுவும் நம்மால் செய்ய முடியாத தொழில்நுட்பம் இல்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கள்ளக்கடலை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கிறது. ஆனால் மாவட்டம் முழுமைக்கும் வரும் எச்சரிக்கை வேறு, இந்த வாயில் இப்போது அலை எத்தனை அடி, வற்றம் எப்போது நிற்கும் என்ற செய்தி வேறு. அதிகாலை மூன்று மணிக்கு வள்ளம் தள்ளுபவருக்கு வேண்டியது இரண்டாவது. வாய்க்கு வெளியே ஒரு அலை அளவை, கரையில் ஒரு விளக்குப் பலகை, அந்தந்த ஊர்க் கடலறிந்த மூத்த மீனவர்களும் உட்கார்ந்து முடிவெடுக்கும் ஒரு அறை. இவ்வளவுதான் கேட்கிறேன்.

ஒரு வேறுபாட்டை நான் மறக்கவில்லை. நான் போகாவிட்டால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். அப்பாவின் கூட்டாளிகள் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. வாயை அடைத்துவிட்டுக் கையை விரித்தால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. குமரியின் மேற்குக் கரையில் ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்று அந்தத் தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்குத் தமிழக அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மீனுக்காகக் கடலை அடைத்த நாட்களுக்குப் பணம் ஒதுக்க வழி இருக்கும்போது, மனிதருக்காகக் கடல்வாயை அடைக்கும் நாட்களுக்கும் ஒதுக்க வழி உண்டு. ஒரு வள்ளத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மீனவர் சங்கங்களை அழைத்துப் பேசி, அடுத்த ஆனி ஆடிக் கடலுக்கு முன்பே அறிவிக்கட்டும்.